மாய்கனின் அமரில்லிஸ் கிழங்கு

ஸ்வீடனின் ஃபாலுன் நகரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற சிக்ஸ்டன் கொடுமைக்காரர் அல்ல. வீட்டில் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று வளர்க்கப்பட்ட ஆண், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் முடிந்து, அலங்காரங்களைக் கலைக்கும் ஜனவரி மாத க்னூட் நாள் வந்தால் ஊரே கிறிஸ்துமஸ் மரத்தோடு, தொட்டியில் பூத்து வாடிய அமரில்லிஸ் செடியையும் வெளியே எறிந்துவிடும். அவர் மனைவி மாய்கன் மட்டும் பூத்தண்டை நறுக்கிவிட்டு, பெரிய வெங்காயம் போலிருக்கும் கிழங்கைத் தொட்டியோடு ஜன்னலோரம் வைத்துக்கொள்வார்.

"ஏன் மாய்கன், வெங்காயத்துக்கு பென்ஷன் குடுக்கிறியா?"

"உனக்கே குடுக்கிறாங்க, அதுக்குக் குடுத்தா என்ன?"

டிசம்பர்தோறும் அது மீண்டும் சிவப்பாகப் பூத்தது. எப்படி என்று சிக்ஸ்டன் கேட்டதே இல்லை.

ஒரு கோடையில் மாய்கன் இறந்துபோனார். அவருடைய பூ கிறிஸ்துமஸுக்கு மலர வேண்டும் என்பதே சிக்ஸ்டனின் ஒரே ஆசை. இலையுதிர் காலத்தில் இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்ததும் பதறிப்போனார். அந்தச் சமயத்தில் மாய்கன் தண்ணீரை நிறுத்தி, தொட்டியை இருட்டான நிலவறையில் ஓய்வெடுக்க விடுவார். அதை அறியாத சிக்ஸ்டன் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். கிழங்கு அழுகி விரலில் குழைந்தது.

"அவ போன துக்கத்துல அதுவும் போயிடுச்சு. கடவுள் சித்தம்" என்றார் பக்கத்து வீட்டு குட்ருன்.

"சித்தமாவது மண்ணாவது! தண்ணி ஊத்திக் கொன்னது நான். ஒரு தடவை அவகிட்ட கேட்டிருக்கலாம்."

டிசம்பரில் பூக்கடைக்குப் போய் ஒரு கிழங்கைக் கையில் எடுத்தார்.

"பூத்து முடிஞ்சதும், அடுத்த வருஷமும் பூக்க இதை என்ன செய்யணும்மா?"

"தூக்கிப் போட்டுடுங்க ஐயா. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றாள் கடைப்பெண்.

சிக்ஸ்டன் கிழங்கை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.