மிஞ்சிய கால்

மலேசியாவின் கூலிம் நகரத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் காளிதாசன். இனிப்பு நீர் நோய் இருப்பது அவருக்குத் தெரியும். ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார். ஒருநாள் செருப்பைத் துளைத்து ஏறிய ஆணி அவருக்கு வலிக்கவே இல்லை. வீட்டில் ஏதோ நாறுகிறதே என்று மனைவி குணசுந்தரி தேடிக் கண்டுபிடித்தபோது புண் எலும்பைத் தொட்டிருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வேலை போயிற்று. சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தார். ஒருநாள் விடிந்ததும் குணசுந்தரி தண்ணீரும் துணியுமாக வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு காலையும் குடுத்துட்டுத்தான் எந்திரிப்பீங்களா?"

அன்றிலிருந்து தினமும் அந்தக் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, பாதத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள். சீனி போடாத கோப்பி, பாதித் தட்டுக்குக் கீரை, பசியாறியதும் மாத்திரை, ஊன்றுகோலோடு தெருமுனை வரை நடை. முதலில் தட்டை வீசியெறிந்தார். அவள் பொறுக்கிவிட்டு மறுபடியும் போட்டாள். மாதங்கள் போகப் போக, அவள் சொல்லாமலே எல்லாம் செய்யத் தொடங்கினார். ரத்தத்தில் சீனி இறங்கியது.

குணசுந்தரி விடியுமுன் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்குச் சமைக்கப் போவாள். மிஞ்சியதை நின்றபடியே தின்பாள். கால் வீங்கும், தலை சுற்றும்.

"நின்னுக்கிட்டே வேல செய்றேன்ல, அதான் லா" என்பாள். அவரும் நம்பினார்.

ஒரு மத்தியானம் பாத்திரம் கழுவும்போதே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். ரத்தத்தில் சீனி ஏறிக் கிடந்தது.

"அம்மா என்ன மருந்து சாப்புடுறாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லங்க. அவ ரத்தமே சோதிச்சுப் பார்த்ததில்ல."

மறுநாள் அவள் கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்ததும் மகள் ஜெயமலர் சுங்கைப் பட்டாணியில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பப் பையை எடுத்தாள். காளிதாசன் வாசலை மறித்து நின்றார்.

"நீ ரத்தம் பார்த்தியா?"

"எனக்கு என்னப்பா? நல்லாத்தானே இருக்கேன்."

"உங்கம்மாவும் அதத்தான் சொன்னா. கேட்டுட்டுச் சும்மா இருந்தவன் நான்."

கிளினிக்கில் பார்த்தார்கள். அவளுக்கும் சீனி இருந்தது. திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள்.

"இன்னிக்கு நம்ம வீட்லயே தங்கு. காலைல நடப்போம்" என்றார்.

விடிந்ததும் கிளம்பினார்கள். அவருடைய ஊன்றுகோலின் வேகத்துக்கே அவளும் நடந்தாள். தெருமுனையில் மூச்சு வாங்க நின்றார்.

"போதுமாப்பா?"

"இன்னும் கொஞ்சம்" என்றார்.