சிவப்பு வளையலும் மாவுக்கட்டும்

நேபாளத்தில் நிலநடுக்கம் வந்த வருடம், திண்டிவனத்தில் ஓர் எலும்பு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். எங்கள் டாக்டர் தன்னார்வக் குழுவோடு கிளம்பியபோது நானும் பெயர் கொடுத்தேன். மொழிபெயர்க்க கிஷோர் வந்தார். நேபாளத்துக்காரர், எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ரைட் ரைஸ் கடை வைத்திருந்தார். திண்டிவனத்துத் தமிழை என்னைவிட நன்றாகப் பேசுவார்.

கூடாரம் போட்ட முதல் நாளே மாட்டிக்கொண்டோம். ஓர் இளம்பெண்ணுக்கு வலது மணிக்கட்டில் முறிவு. கை வீங்கி, நான்கு சிவப்புக் கண்ணாடி வளையல்கள் சதையில் புதைந்திருந்தன. இடது கை வளையல்கள் இடிபாட்டிலேயே நொறுங்கிவிட்டனவாம்.

"விரல் நீலமாவுது சிஸ்டர். வளையல எடுத்துட்டு மாவுக்கட்டு போடுங்க, ஜல்தி" என்றார் டாக்டர்.

வளையலை வெட்ட நான் எடுத்த கட்டரைப் பார்த்ததும் அவள் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வூட்டுக்காரரு துபாய்ல கீறாராம். போனே போவலியாம். இதையும் ஒடச்சிட்டா அவருக்கு ஆவாதுன்னு அழுவுது சிஸ்டர்" என்றார் கிஷோர்.

"கையே போயிடும்னு சொல்லுப்பா!" என்றார் டாக்டர்.

சொன்னார். அவள் அசையவில்லை. டாக்டருக்கு எரிச்சல். எனக்குப் புரிந்தது. நான் மரக்காணத்துப் பக்கம் பிறந்தவள். ஆம்பிளை கடலுக்குப் போயிருக்கும்போது அங்கேயும் கையை வெறுமையாக விடமாட்டார்கள்.

"மொதல்ல இடது கைல வேற போட்டுடலாம். அப்புறம் இத எடுக்கலாமான்னு கேளுங்க" என்றேன்.

கூட இருந்த மாமியார் சட்டென்று தன் வளையல் இரண்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அந்தப் பெண் இடது கையை என் பக்கம் நீட்டினாள்.

நான் பின்வாங்கினேன். "எனக்கு வீட்டுக்காரர் இல்லீங்க. மாமியாரையே போடச் சொல்லுங்க." ஊரில் வளைகாப்பு என்றால் நான் அடுப்படியோடு சரி. யாராவது சொல்வதற்கு முன் நானே ஒதுங்கிவிடுவேன்.

கிஷோர் சொன்னதைக் கேட்டும் அவள் கையை மடக்கவில்லை.

"கைய காப்பாத்த வந்தவங்க போட்டா ஒன்னும் ஆவாதுன்னு சொல்லுது. போடுங்க சிஸ்டர்."

போட்டேன். அதற்குப் பிறகு துணியைச் சுற்றி நான்கையும் எடுத்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டு முடிக்கும்போது நகங்களில் நீலம் மறைந்து சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது. கணவரிடமிருந்து போன் வந்ததா என்று தெரியாமலே அடுத்த ஊருக்குக் கிளம்பினோம்.

இளைய நர்ஸுகளுக்கு ஒன்று சொல்வேன். நோயாளி முரண்டு பிடித்தால் அதட்டாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள்.

ஊர் திரும்பியதும் மயிலத்தில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. வழக்கம்போல் அடுப்படிக்குத்தான் போனேன். சாம்பாரை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, வளையல் தட்டிலிருந்து இரண்டை எடுத்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் மகள் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டினாள்.