ஷர்வினுக்காக ஹில்டா பேசிய நாள்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபைக்கு வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் மொழிபெயர்க்க ஹில்டாதான். பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழும் ஆங்கிலமும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒரு பழக்கம் உண்டு. அவள் வாய்க்குள் மிளகாய் போனால் வெல்லமாகத்தான் வெளியே வரும். வந்த போதகர், "இந்தச் சபை தூங்குகிறது!" என்று மேசையைத் தட்டிக் கத்தினால், "ஐயாவுக்கு நம்ம மேல ரொம்ப அக்கறை" என்று தமிழில் வரும். நம் ஆட்கள், "என்ன லா இவரு, இழுத்துக்கிட்டே போறாரு" என்று முணுமுணுத்தால், "ஆழமான செய்தி என்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் போகும். யார் மனமும் நோகக்கூடாது, அவ்வளவுதான். அதைப் பொய் என்று யாராவது சொல்லியிருந்தால் பாவம், அழுதே விட்டிருப்பாள்.

சென்ற ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ஒரு சபைக் குழு ஊழியப் பயணமாக வந்தது. தலைவர் கீத், நல்ல மனிதர், எதற்கெடுத்தாலும் கண் கலங்குவார். கூடவே ட்ரேசி என்ற பிசியோதெரபிஸ்ட். கேக் விற்று, கார் கழுவிப் பணம் சேர்த்து, ஒரு புதுச் சக்கர நாற்காலி கொண்டு வந்திருந்தார்கள். அது ஷர்வினுக்கு.

சிம்பாங் பூலாய் தாண்டி, ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்ட ஒரு பழைய தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஷர்வினும் அவன் அம்மாவும் இருக்கிறார்கள். பத்தொன்பது வயது. பிறவியிலேயே மூளைவாதம். கால்கள் வராது, வலது கை மட்டும் சொன்னபடி கேட்கும். பேச்சு குழறும், பழகாத காதுக்கு வெறும் சத்தம். மாதாமாதம் சபையின் மளிகைச் சாமான்களோடு போய் வந்ததில் ஹில்டாவுக்கு அவன் பேச்சு புரியும். அம்மாவை விட்டால் அவள் ஒருத்திக்குத்தான் புரியும்.

புது நாற்காலி பளபளவென்று அகலமாக இருந்தது. குழுவினர் லயத்துக்கே வந்து அவனைத் தூக்கி உட்கார வைத்தார்கள், கை தட்டினார்கள், படம் பிடித்தார்கள். அம்மா எல்லாருக்கும் சிரப் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அப்போது கீத், மூலையில் கிடந்த பழைய நாற்காலியைக் காட்டி, "அந்தக் குப்பையை நாங்களே வேனில் கொண்டுபோய் எறிந்துவிடுகிறோம்" என்றார்.

அது சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலி. துரு ஏறி, கிழிந்த இருக்கையை நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. ஆனால் ஒடுக்கமானது. அடுக்களையைக் கடந்து பின்னால் இருக்கும் பாத்ரூமுக்குள் அது மட்டும்தான் நுழையும். அதில் ஏறி, வலது கையால் சுவரைத் தள்ளித் தள்ளித்தான் ஷர்வின் யார் துணையும் இல்லாமல் போவான், கதவைச் சாத்திக்கொள்வான். மீசை முளைத்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டுமா?

"ஆன்ட்டி, பழசு வேணும். புதுசு பாத்ரூம் உள்ள போகாது. அம்மா தூக்க வேணாம், நான் தனியா போவணும்" என்றான்.

அம்மா பதறிப்போனாள். "சும்மா இருய்யா. அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தவங்க, மனசு நோவும் லா. அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க."

விருந்தாளி கொடுத்ததைக் குறை சொல்வதா? ஹில்டாவுக்கும் அதே வளர்ப்புதான். கீத்தின் முகத்தைப் பார்த்தாள். "சந்தோஷத்தில் அவனுக்குப் பேச்சே வரவில்லை, நன்றி சொல்கிறான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

கீத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேர் பழைய நாற்காலியை வாசலுக்குத் தூக்கினார்கள். ஷர்வின் ஓவென்று அழுதான்.

"ஏன் அழுகிறான்?" என்றாள் ட்ரேசி. ஹில்டா அடுத்த வெல்லத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். ஷர்வினின் வலது கை எட்டி அவள் முந்தானையைப் பிடித்தது.

"ஆன்ட்டி, நீங்க சொன்னது நான் சொன்னது இல்ல."

நாள் முழுக்கப் போனில் பந்தாட்ட வர்ணனை கேட்கிற பிள்ளைக்கு ஆங்கிலம் புரியாதா? அது அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்கத்தில் காது மடல் சுட்டது. இத்தனை நேரம் அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மறுத்துச் சொல்ல வழியில்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

சொன்னாள். பாத்ரூம், கதவு, அம்மா தூக்குவது, எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். கீத்தின் சிரிப்பு மறைந்தது. வாசலுக்குப் போய்ப் பழைய நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

ட்ரேசி தரையில் உட்கார்ந்து, நேராக ஷர்வினிடமே கேட்டாள். "உனக்கு என்னதான் வேண்டும்?"

அவன் நிறையப் பேசினான். புதுசு வெளியே போக, திடலில் பந்து பார்க்க. பழசு வீட்டுக்குள்ளே. அதற்கு ஒரு நல்ல இருக்கை வேண்டும். ஹில்டா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் அவன் அவளைப் பார்த்தான்.

"இந்த ஆன்ட்டி நல்லவங்க. ஆனா நான் சொல்றத மாத்திருவாங்க. எனக்கு வேற வாய் இல்ல."

"என்ன சொன்னான்?" என்றாள் ட்ரேசி.

இதை ஹில்டா விழுங்கியிருந்தாலும் அந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரியப்போவதில்லை. அவள் விழுங்கவில்லை. நல்லவள் என்றது, மாற்றிவிடுவாள் என்றது, வேறு வாய் இல்லை என்றது, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். ஷர்வின் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் முடித்ததும், "ஆ, சரி" என்றான்.