டெம்போவில் ஊர்வலம் போன சிவப்புத் தொட்டிகள்

திருவொற்றியூரில் கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்த ஒரு சின்னக் கம்பெனியில்தான் என் முதல் வேலை. கார் குலுங்காமல் ஓடுவதற்கு அடியில் பொருத்துகிற ரப்பர் புஷ் செய்வோம். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு என்று பலகையில் பெரிதாக எழுதியிருக்கும். பிரிவு என்றால் நானும் ஒரு மேசையும் அளவு பார்க்கிற ஒரு வெர்னியரும்.

கார் கம்பெனிகளுக்குப் பாகம் சப்ளை செய்கிறவர்களுக்கென்று ஒரு சர்வதேசத் தரச் சான்றிதழ் உண்டு. அது இல்லையென்றால் புஷ்ஷை வேறு இடத்தில் வாங்கிக்கொள்வோம் என்று எங்கள் வாடிக்கையாளர் கறாராகச் சொல்லிவிட்டார். புஷ் போனால், ரப்பரை அச்சில் அழுத்தி எடுக்கிற பின்பக்கத்து பிரஸ் ஷெட்டுக்குப் பூட்டுதான். அங்கே வேலை செய்தவர்கள் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்களில் மூத்தவரான சடையங்குப்பத்து அக்கா ஒருநாள் என்னை மடக்கினார்.

"இன்னா பாப்பா, அந்த சர்ட்டிபிகேட்டு வரலன்னா எங்கள வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாமே, மெய்யா?"

"வந்துடும்க்கா."

"வந்துடும் வந்துடும்னு சொல்லிக்கினே கீற. எங்க ஊருக்கு வெள்ளம் வராது வராதுன்னு கூட இப்டிதான் சொல்லிக்கினு இருந்தாங்க."

எனக்கோ தலைகால் புரியாத உற்சாகம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டே அந்தத் தர நெறிமுறையைப் படித்தேன். தரையில் மஞ்சள் கோடு போட்டேன். அசைகிற பொருளுக்கெல்லாம் ஒரு நிலையான இடமும் அசையாத பொருளுக்கெல்லாம் ஒரு ஸ்டிக்கரும் கொடுத்தேன். சான்றிதழுக்காகச் சோதிக்க வருகிற ஆடிட்டர் யாரைக் கேட்டாலும் கம்பெனியின் தரக்கொள்கையை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. அதனால் பிரஸ் ஷெட்டில் தினமும் காலையில் பஜனை நடந்தது.

"இத்த சொன்னா புஷ்ஷு நல்லா வருமா பாப்பா?" என்று கேட்டார் அக்கா.

"வராதுக்கா. ஆனா சொல்லணும்."

"அப்ப சாமி கும்புடற மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி பாடத் தொடங்கினார்.

என் பெருமையெல்லாம் சிவப்புத் தொட்டிகளில் இருந்தது. வெடித்த புஷ், காற்றுக்குமிழி விழுந்த புஷ், கோணல் புஷ் எல்லாம் அதற்குள் போகும். ஒவ்வொரு தொட்டியிலும் கம்பெனி பெயர், பார்ட் நம்பர், தேதி, என்ன குறை என்று கொட்டை எழுத்தில் சிவப்புச் சீட்டு எழுதி ஒட்டினேன். ஆடிட்டுக்கு முந்தின நாள் முதலாளி அவற்றைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, ஷெட்டு பூரா ஒரே சிவப்பா இருக்கு?"

"சார், தப்பான பீஸே இருக்கக்கூடாதுன்னு ஸ்டாண்டர்டு சொல்லல. இருந்தா தனியா, அடையாளத்தோட இருக்கணும்னுதான் சொல்லுது."

"நீ படிச்சத சொல்ற. பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு அழுக்குத் துணிய கொடியிலயா தொங்கவிடுவாங்க?"

எங்கள் வட்டாரத்தில் இதற்கொரு வழக்கம் உண்டு. ஆடிட் அன்று காலையில் வேண்டாத சரக்கையெல்லாம் ஒரு டெம்போவில் ஏற்றிவிடுவார்கள். ஆடிட்டர் கிளம்பும்வரை அது ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும். இதையே தொழிலாக வைத்திருந்த டிரைவர் ஒருவர் எங்களுக்கும் வந்து சேர்ந்தார்.

"மணலி பக்கம் ஒரு ரவுண்டு அட்ச்சி, எண்ணூர்ல டீ குட்ச்சிட்டு, அவுரு போனப்புறம் வந்துர்றேன். நீ பேஜாராவாதம்மா" என்று சொல்லிவிட்டு என் தொட்டிகளோடு வண்டியை எடுத்தார்.

அன்று துறைமுகத்தில் என்ன கோளாறோ, கன்டெய்னர் லாரிகள் எங்கள் தெருமுனையை அடைத்துக்கொண்டு நகராமல் நின்றன. வெளியே போக வேண்டிய டெம்போவும் உள்ளே வர வேண்டிய ஆடிட்டரின் காரும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிக்கொண்டன. டிரைவர் எனக்கு போன் செய்தார்.

"ஏம்மா, பக்கத்து கார்ல டை கட்டிக்கினு ஒருத்தர் நம்ம சீட்டையெல்லாம் படிச்சிக்கினு கீறாரு. கண்ணாடிய எறக்கிட்டு படிக்கிறாரு!"

"தார்ப்பாயப் போட்டு மூடுங்க!"

"தார்ப்பாய் ஏது? கிழிஞ்சி கீதுன்னு நீதான அதுக்கும் செவப்பு சீட்டு ஒட்டி ஓரங்கட்டின!"

முதலாளியிடம் சொல்ல ஓடினேன். அவர் பூங்கொத்தோடு கேட்டில் நின்றுகொண்டு, "அப்புறம்மா, அப்புறம்" என்று கையசைத்தார்.

ஆடிட்டர் வந்தார், டீ குடித்தார், ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். துடைத்து வைத்திருந்த காலி மூலையை முதலாளி காட்டினார். "நம்மகிட்ட ரிஜெக்ஷனே கிடையாது சார். ஜீரோ."

"அப்படியா? தெருமுனையில ஒரு டெம்போ நிக்குது. அதுல இருக்கிற சீட்டெல்லாம் அவ்ளோ தெளிவா இருக்கு. யார் எழுதினது?"

முதலாளி என்னைப் பார்த்த பார்வையிலேயே ஒரு சிவப்புச் சீட்டு என் மேல் ஒட்டிக்கொண்டது. "நான்தான் சார்" என்றேன்.

"நல்ல வேலைம்மா. அந்த வண்டிய உள்ள வரச் சொல்லுங்க. உங்க சிஸ்டம் பூரா அதுலதான் இருக்கு."

சான்றிதழ் அன்று கிடைக்கவில்லை. தவறின் மூலகாரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். "ஏன், ஏன்" என்று கேட்டுக்கொண்டே போய் வேரைத் தொடுவதுதான் அதற்கான முறை. எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு முதலாளி ஆரம்பித்தார். ஏன் மாட்டினோம்? டெம்போ கண்ணில் பட்டது. ஏன் பட்டது? நெரிசல். ஏன் நெரிசல்? துறைமுகம்.

"அவ்ளோதான். மூலகாரணம் துறைமுகம்னு எழுதும்மா."

அக்கா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "எங்க வேல போச்சுன்னா சம்பளத்த அந்தத் துறைமுகத்துலயே போய் கேட்டுக்கலாமா சார்?"

 நான் எழுதியிருந்த துறைமுகத்தை முதலாளியே பேனாவால் அடித்தார். பிறகு, "ஒளிச்சி வெச்சோம்னே எழுதித் தொல" என்றார். எழுதினேன். கம்பிவலைக் கூண்டு ஒன்று அடித்து, தொட்டிகளை நிறையச் சரக்கோடு அதற்குள் வைத்துப் பூட்டினோம். மறுபடி வந்த ஆடிட்டர் கூண்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழ் வந்தது, புஷ் எங்களிடமே நின்றது. வாடிக்கையாளர் நடத்திய கூட்டத்தில் முதலாளி வெளிப்படைத்தன்மையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பக்கத்துத் தெருக் கம்பெனிக்காரர்கள் கைதட்டிவிட்டு, டெம்போ டிரைவரின் நம்பரை என்னிடம் கேட்டார்கள்.

அந்த டிரைவர் ஒருநாள் காலையில் எங்கள் கேட்டில் வண்டியை நிறுத்தினார். பின்னால் யாருடைய சரக்கோ, அதன் மேல் புத்தம்புதுத் தார்ப்பாய்.

"இன்னாம்மா, அடுத்த ஆடிட்டு எப்போ? இப்பவே சொல்லி வெச்சுடு."

நான் வாயைத் திறப்பதற்குள் பிரஸ் ஷெட்டிலிருந்து அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "எங்க தொட்டி எங்கியும் வராது நைனா. நீ போய் எண்ணூர்ல டீ குடி."