மாப்பிள்ளை வளர்த்த செல்கள்

என் தங்கையின் கணவரைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் வாயைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆள் கொஞ்சம், மீதியெல்லாம் வாய். அவருக்கும் தங்கைக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. நோய் எதிர்ப்பு செல்களைத் தட்டில் வளர்ப்பது அவர் பாடு. அவர் போட்டது போட்டபடி விட்டுப்போவதை ஒழுங்குபடுத்தி, தன் வேலையையும் பார்ப்பது அவள் பாடு.

"அண்ணி, செல்லோட மேல்பக்கம் நெகட்டிவ். என் சரக்கு பாசிட்டிவ். ரெண்டும் ஒட்டிக்கிச்சுன்னா தூங்குற செல் முழிச்சுக்கும், முழிச்சா பெருகும்!" என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் என்னிடம் இதே கச்சேரிதான். அது பொய்யில்லை என்பாள் தங்கை. அவர் தட்டில் கலக்கும் அந்தச் சரக்கு, நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு நீள மூலக்கூறு. அளவோடு இருந்தால் செல்லை உசுப்பிவிடும். அளவு மிஞ்சினால் செல்லின் மேலுறையைக் கிழித்துக் கொன்றுவிடும். இந்த இரண்டாவது பாதி மட்டும் மாப்பிள்ளையின் வாயில் வந்ததே கிடையாது.

அந்த வருஷம் ஆட்குறைப்பு. கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் இடம், கூட்டத்தில் முடிவு சொல்கிறேன் என்றுவிட்டார் ஆய்வுக்கூடத் தலைவர். தங்கைக்கு அந்த வேலைதான் மூச்சு. மாப்பிள்ளைக்கு அது ஒரு சுழல் நாற்காலி.

அந்தச் சமயம் பார்த்து அவர் தட்டில் உருண்டை உருண்டையாகச் செல்கள் திரண்டன. விழித்த செல்கள் அப்படித்தான் கூடிப் பெருகுமாம். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. வாசல் காவலாளி வரைக்கும் இழுத்து வந்து காட்டினார்.

தங்கைக்கு மட்டும் உறுத்தல். அந்த மூலக்கூறு பசை மாதிரி, செத்த செல்லையும் சேர்த்து ஒட்டும். சந்தேகம் தீர நீலச் சாயம் ஒரு சொட்டுப் போதும். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, செத்தது நீலமாகிவிடும். கூட்டத்துக்கு முந்தின நாள் விட்டுப் பார்த்தாள். அத்தனையும் நீலம். மாப்பிள்ளை ஊரைக் கூட்டிக் காட்டியது பிணக்குவியல்.

"கூட்டத்துல எழுந்து சொல்லுடி, வேலை உனக்குத்தான்" என்று போனில் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "அத்தனை பேர் முன்னாடி அவரை எப்படிக்கா..." என்று இழுத்தாள். அன்றைக்கே அவரைத் தனியாக அழைத்துப்போய் நுண்ணோக்கியில் காட்டியும் விட்டாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லலையே?" என்று மட்டும் கேட்டாராம்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்தார். "எல்லாரும் பாராட்டினீங்க. எனக்குத்தான் மனசு ஒப்பல. நானே சாயம் போட்டுப் பாத்தேன். எல்லாம் செத்த செல். தப்பை ஒத்துக்கறதுதான் சார் விஞ்ஞானம்." குரல் வேறு தழுதழுத்ததாம். வெட்கங்கெட்ட ஜென்மம்! தலைவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட நேர்மையான ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று வேலையை அந்த இடத்திலேயே அவருக்குக் கொடுத்துவிட்டார்.

தங்கை மேசையைக் காலி செய்துகொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"அவர் அப்படிப் புளுகும்போது நீ என்னடி பண்ணின?"

"கை தட்டினேன்."

"எதுக்குடி?"

"எல்லாரும் தட்டினாங்க. நான் மட்டும் சும்மா இருந்தா அவர் முகம் வாடிடாதாக்கா?"