மூன்று பாவம் வரைக்கும்

வில்லியனூர் கடைத்தெருவில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டிக்கொண்டிருந்த பவுல்ராஜுக்கு நாற்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரியாத ஒரே ஆள் அவருடைய கூடப்பிறந்த அண்ணன்தான். அண்ணன் மரியதாஸ் பிரான்சில் இருந்தார். வருஷப் பிறப்புக்கு அவரிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும். உனக்கும் உன் மனைவி மக்களுக்கும் என்று அதில் எழுதியிருக்கும். எந்த மனைவி, எந்த மக்கள் என்று கேட்டாவது பவுல்ராஜ் ஒரு பதில் போட்டிருக்கலாம். வீம்பு பிடித்த மனுஷன், போடவில்லை.

வீம்புக்குக் காரணம் இருந்தது. பிரெஞ்சுக்காரன் போன பிறகு, யார் யார் பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்புகிறீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று ஒரு கெடு வைத்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அது இன்னதென்றே விளங்கவில்லை. மரியதாஸுக்கு விளங்கியது. எழுதிக் கொடுத்தார், பட்டாளத்தில் சேர்ந்தார், கப்பலேறினார். பட்டாளத்துக்காரனை அந்தப் பக்கம் சொல்தா என்பார்கள். 'என் பெரிய பையன் சொல்தா' என்று அம்மா கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சின்னவன் காயில் கட்டுகிறான் என்று யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

பூரணாங்குப்பத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்தார்கள். பெரியவன் வந்துதான் தம்பிக்குத் தாலி எடுத்துக் கொடுக்கணும் என்று அம்மா ஒரே பிடிவாதம். பெண் வீட்டார் ஒரு வருஷம் பார்த்தார்கள், அடுத்த வருஷம் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். பிறகு அம்மா படுத்துவிட்டாள். தந்தி கொடுத்தும் அண்ணன் வரவில்லை. அறுபத்தேழாம் வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அவள் போன விதம் பவுல்ராஜுக்கு மட்டும்தான் தெரியும். ரோட்டில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெரியவன் வந்துட்டானா என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். கடைசி நாள் விடியற்காலையில் பவுல்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியாடா, பெரியவனே" என்றாள். "வந்துட்டேம்மா" என்றார் பவுல்ராஜ். பெற்ற தாய்க்கு வாயில் தண்ணீர் ஊற்றும்போதுகூட அவர் அவராக இருக்க முடியவில்லை. இதை அண்ணனிடம் சொல்ல வேண்டும், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் தானாகப் போய்ச் சொல்ல மாட்டார். அம்மா எப்படிடா போனா என்று அண்ணன் தன் வாயால் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகப் பதினேழு வருஷம் காத்திருந்தார்.

எண்பத்து நாலில், பங்குக் கோயில் திருவிழா சமயத்தில், மரியதாஸ் வந்தார். தங்கியது டவுனில், மாமனார் வீட்டில். ஒரு மத்தியானம் கார் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்க்க வந்தார். தலை முக்கால்வாசி வழுக்கை. உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார்.

"பசங்க எங்கடா? கூப்புடு. அதுங்களுக்குத்தான் வாங்கியாந்தேன்."

"எந்தப் பசங்க?"

"இன்னாடா, உன் பசங்கதான்."

"எனக்கு ஏதுண்ணே பசங்க? கல்யாணமே ஆவுல."

மரியதாஸ் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். அப்புறம் அதை மேஜைமேல் வைத்து, "அப்ப நீயே வெச்சுக்கோ" என்றார். வேறு என்ன சொல்வார், பாவம். சுவரில் இருந்த அம்மா படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். இதோ கேட்கப் போகிறான் என்று பவுல்ராஜ் ஒரு அடி முன்னால் வந்தார். "ஊர்ல வெயில் ஜாஸ்தியாயிட்ச்சுடா" என்று சொல்லிவிட்டு அண்ணன் காரேறிப் போய்விட்டார்.

பெட்டியைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் பவுல்ராஜ் நினைத்தார். ஆனால் மோட்டாரைப் பிரித்துப் பழகிய கை, ஒரு சாமானைச் சும்மா விடுமா? அது வீடியோ கேம். உள்ளங்கை அகலம், நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொத்தான். கண்ணாடிக்குள் கறுப்பாக ஒரு பேக்கரிக்காரன் தட்டோடு நிற்கிறான். மேலே மூன்று ஜன்னல். ஜன்னல் வழியாக ரொட்டி விழுகிறது. பொத்தானை அழுத்தி அவனை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓட்டி ரொட்டியைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் சமாச்சாரம். சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் அன்று சாயங்காலம் உட்கார்ந்தவர் விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

அந்த ஆட்டத்தைச் செய்தவன் யாரோ, மனுஷனின் மனசைக் கரைத்துக் குடித்தவன். முதலில் ஒவ்வொரு ரொட்டியாக, மெதுவாக விழும். அட, நமக்குக்கூட வருகிறதே என்று தோன்றும். அந்த மிதப்பு வந்ததும் இரண்டாக விழும், வேகம் கூடும். கை உதறுகிற அளவுக்குப் போன பிறகு, போதும், கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ என்பதுபோல வேகம் தணியும். பிடித்தால் ஒரு சின்ன 'கிக்' சத்தம், மேலே கணக்கில் ஒன்று கூடும். வாழ்க்கையில் பவுல்ராஜ் எத்தனையோ மோட்டாரைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார், எவனும் அதற்கு இப்படி ஒரு கிக் என்று உடனுக்குடன் சொன்னதில்லை. தவறவிட்டாலும் அடுத்தவன்மேல் பழி போட முடியாது. ரொட்டி விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, பொத்தான் கையில் இருக்கிறது, தப்பு நம்முடையது. அதனால்தான் இன்னொரு தடவை ஆடினால் சரியாக்கிவிடலாம் என்று கை குறுகுறுக்கும்.

தவறிய ரொட்டிக்கு அடையாளமாக மூலையில் ஒரு குட்டி ரொட்டி தோன்றும். மூன்று சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அதற்குப் பேர் வைத்தது பக்கத்து வீட்டுத் தையலம்மாள். இட்லி சுட்டு விற்கிறவள், பவுல்ராஜுக்கு ராத்திரிச் சாப்பாடு அவளிடம்தான். தட்டை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தவள், ரொட்டி தரையில் விழுந்ததும், "ஐயோ, பாவம்!" என்றாள். ரொட்டிக்காக இரக்கப்பட்டாளோ, பேக்கரிக்காரனுக்காக இரக்கப்பட்டாளோ. கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்த பவுல்ராஜின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

"ஆமா தையலு. ஒரு பாவம் ஆயிட்ச்சு. மூணு ஆனா முடிஞ்சுது."

"நான் இன்னா சொன்னேன், நீ இன்னா சொல்ற? மாமன் மச்சானோட பேச வேண்டியதெல்லாம் இந்தப் பொட்டியோட பேசுற" என்று சொல்லிக்கொண்டே அவள் போய்விட்டாள். அவள் சொன்னது சரிதான். கடையில் பேச்செல்லாம் செம்புக் கம்பியோடு, வீட்டில் பெட்டியோடு. ஆனாலும் அன்றிலிருந்து பேர் நிலைத்துவிட்டது. தவறிய ரொட்டி, பாவம்.

ஒரு நாள் இரண்டு பாவத்தோடு தட்டுத் தடுமாறி இருநூறைத் தொட்டார். பெட்டி ஒரு குட்டிப் பாட்டுப் பாடியது. மூலையில் இருந்த இரண்டு ரொட்டியும் காணோம். கெட்டுப்போய்விட்டதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாளும் அப்படியே ஆயிற்று. இருநூறு வந்தால் பழையதெல்லாம் தள்ளுபடி! பவுல்ராஜுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. ஆட்டத்திலேயே அவருக்குப் பிடித்த இடம் இதுதான். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. தையலம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தெருவில் யாரும் இல்லை. அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து மறுபடியும் முதலிலிருந்து ஆடினார்.

பிரான்சுக்குக் கிளம்புகிற அன்று மரியதாஸ் சொல்லிக்கொண்டு போக வந்தார். டிரைவர் எஞ்சினை அணைக்கவே இல்லை. பெட்டியின் பொத்தான் ஓரம் பளபளவென்று தேய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அண்ணன், "டேய், நீயா ஆடுற?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. நீ ஆடினது இல்லியா?"

"கடையில குடுத்தான், வாங்கினு வந்தேன். காட்டு பாக்கலாம்."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணனும் தம்பியும் தோள் உரசி உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்த கை இரண்டு பொத்தானுக்கு நடுவில் திண்டாடியது. முதல் ரொட்டியே தரையில்.

"ஒரு பாவம்" என்றார் பவுல்ராஜ்.

"இன்னாடா பாவம்?"

"அது அப்டித்தான். மூணு வரைக்கும்தான். இருநூறு எடுத்தா எல்லாம் அழிஞ்சிடும்."

"அழிஞ்சிடுமா?"

"சுத்தமா."

மரியதாஸ் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மும்முரமாக ஆடினார். நாற்பது, ஐம்பது. சின்ன வயசில் கோலி ஆடும்போது நாக்கைக் கடிப்பது போலவே கடித்துக்கொண்டார். இரண்டாவது பாவம் விழுந்தது. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கிறது. ஆட்டத்தில் அது ஒரு சௌகரியம். அந்தச் சௌகரியத்தில்தான், தலையைத் தூக்காமலே அண்ணன் கேட்டார்.

"அம்மா கடைசியில ரொம்ப கஷ்டப்பட்டாளாடா? என்னைக் கேட்டாளா?"

பதினேழு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் தொண்டை வரைக்கும் வந்தது. பஸ் சத்தம், கையைப் பிடித்தது, பெரியவனே என்றது, எல்லாம் வரிசையாக வந்தன. பவுல்ராஜ் திரும்பிப் பார்த்தார். அண்ணனுடைய கட்டைவிரல் பொத்தான்மேல் வெறுமனே கிடந்தது. அழுத்தவில்லை. கண்ணாடிக்குள் ரொட்டி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த மனுஷன் பதிலுக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் வராமல் இருந்தான், வந்தும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனான் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மூன்றாவதும் விழுந்தது. பெட்டி முடிவுச் சத்தம் கொடுத்தது.

இருநூறு எடுத்தால்தான் பெட்டி மன்னிக்கும். பவுல்ராஜால் அப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தூக்கத்துலயே பூட்டாண்ணே. ஒரு கஷ்டமும் இல்ல. உன்னை ஒரு குறையும் சொல்லல."

மரியதாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி சட்டை முனையால் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "நல்ல சாவுடா" என்றார். "நல்ல சாவு. கர்த்தர் அந்த மட்டும் பாத்துக்கினாரு." தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். வந்தபோது இருந்ததைவிடப் பத்து வயது குறைந்தவர் மாதிரி எழுந்தார். வாசலில் நின்று, அடுத்த தடவை ஒரு மாசம் இங்கேயேதான் தங்கப் போகிறேன் என்றார். பவுல்ராஜும் சரி என்று தலையாட்டினார்.

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ரோட்டுக்கு ஏறியது. இனிமேல் அந்தக் கதையை யாரிடமும் சொல்ல முடியாது. சொல்ல இருந்த ஒரே ஆளிடம் வேறு கதை சொல்லி அனுப்பியாயிற்று. சாப்பாட்டுத் தட்டை வைக்க வந்த தையலம்மாள், "இன்னா, அண்ணங்கூட சமாதானமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் போன பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் அண்ணன்மேல் இருந்த கோபமாவது வீட்டில் கூடவே இருந்தது. இப்போது அதுவும் இல்லை.