வயரோடு பூத்த மரம்: செம்பூரில் ஒரு காலை

நவி மும்பை கோபர்கைரனேயில் புது ஃபிளாட் வாங்கிய என் நாத்தனார் செல்வி, ஹால் சுவரில் மாட்ட நான் எடுத்த பூப்படம் ஒன்று பெரிதாக வேண்டும் என்று கேட்டாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் தாண்டாத என் படங்களுக்கு முதன்முதலாக ஒரு சுவர்! சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். மார்ச் மாத ஞாயிறு ஒன்றில், நான்கு வயது மகள் மித்ராவோடு கிளம்பிவிட்டேன்.

தாராவியிலிருந்து காலை ஆறே முக்காலுக்கு டாக்சி. மாட்டுங்கா பூங்காக்களுக்கு மூன்றரை கிலோமீட்டர், எழுபத்தைந்து ரூபாய். அங்கே நிழல் உண்டு, பூ குறைவு. இட்லி சாப்பிட்டுவிட்டு மறுபடி டாக்சி. செம்பூருக்கு எட்டு கிலோமீட்டர், நூற்றெழுபது ரூபாய். அங்கே ஒரு குடியிருப்புச் சந்தில் பிங்க் டிரம்பெட் மரங்கள் இலையே தெரியாமல் பூத்து நின்றன.

ஒரு கையில் ஃபோன், மறுகையில் மித்ரா. ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே அவள் கையை இறுக்கினேன்.

"யம்மா, வலிக்கி!"

வாட்ச்மேன் சிரித்தார். "அரே மேடம், இதர் காடி கம் ஆத்தி ஹை. சோடோ உஸ்கோ!"

வண்டி அதிகம் வராதாம், பிள்ளையை விடச் சொல்கிறார். நான் விடவில்லை. எல்லாப் படங்களும் ஒற்றைக் கையால் எடுத்தவைதான்.

மதியம் அவள் தூங்கியதும் எடிட்டிங். குறுக்கே போன வயரை அழித்தேன், மாடியில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயை அழித்தேன், ஓரத்தில் விழுந்திருந்த மித்ராவின் கையை வெட்டினேன். வானத்தை வெளுத்து, பிங்க்கைப் பால் கலந்ததுபோல ஆக்கினேன். இன்ஸ்டாவில் நான் ஃபாலோ செய்கிறவர்களின் செர்ரிப்பூப் படமெல்லாம் அப்படித்தான் இருக்கும். செல்விக்கு அனுப்பினேன். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது.

"மதினி, எப்ப ஜப்பானுக்குப் போனிய? அண்ணனயும் கூட்டிட்டுப் போனியளா, இங்கனயே விட்டுட்டியளா? படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நெட்லயே கெடைக்குமே. நீங்க எடுத்தத அனுப்புங்க."

முகம் சுண்டிவிட்டது. கோபத்தில் பாத்திரமெல்லாம் கழுவி முடித்தேன். பிறகு ஒரிஜினலைத் திறந்து பார்த்தால், அவள் சொன்னது சரி. அந்தச் சந்தின் பிங்க்கில் தூசி இருந்தது, வெயில் இருந்தது. இந்தத் தடவை நிழலை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கினேன். வயர், தார்ப்பாய், கை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

"இது மித்ரா கைதான? பூவ விட்டுட்டு எங்கயோ இழுக்கா பாருங்க, கள்ளி! இதயே போடுங்க மதினி" என்றாள் செல்வி.

போக நினைப்பவர்களுக்கு: எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், பிறகு வெயில் நிறத்தைத் தின்றுவிடும். தண்ணீர் பாட்டில் இரண்டு வேண்டும். எடுத்த அன்றே எடிட் செய்யாதீர்கள். என் பாணி என்று இப்போதைக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: அங்கே இருந்ததை அழிப்பதில்லை.

மூன்றடி கேன்வாஸ் பிரிண்டுக்குத் தொள்ளாயிரம் ரூபாய். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏ வயர் நிகால் தூ க்யா? ஃப்ரீ மே" என்றார். இலவசமாகவே வயரை எடுத்துத் தருகிறாராம்.

"ரெஹ்னே தோ பையா, இருக்கட்டும்" என்றேன்.